மேசன் என்று கூப்பிட்டதும் அப்பா திரும்பினார்

யாழ்ப்பாணத்தில் கொத்தனாரை மேசன் என்றுதான் சொல்வோம். அப்பா 35 வருடம் மேசன் வேலை செய்தவர். அயலில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு, எல்லாருக்கும் ‘மேசன் அண்ணை’தான். பள்ளிக்கூடப் படிவத்தில் ‘தகப்பன் தொழில்’ என்ற இடத்தில் நான் ‘கொன்ராக்டர்’ என்று எழுதியிருக்கிறேன். அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

போன கோடையில் அப்பா டொரொண்டோவுக்கு வந்திருந்தார். ஒரு பின்னேரம் பார்க்கில் யாரோ ஒரு தாய் “மேசன்!” என்று சத்தமாகக் கூப்பிட, அப்பா சட்டென்று திரும்பினார். ஓடிப் போனது நாலு வயதுப் பொடியன்.

“தகப்பனும் மேசனோ?” என்று கேட்டார். இல்லை, வங்கியில் வேலை. பெயர் பிடித்ததால் வைத்தார்களாம்.

அன்றிரவு தேடிப் படித்து அவருக்குச் சொன்னேன். கல் வேலை செய்பவரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துக்கு வந்து, தொழிலைச் சொல்லும் குடும்பப் பெயராகியிருக்கிறது. 1776இல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஜோர்ஜ் மேசனுக்கும் அதுதான் குடும்பப் பெயர். அமெரிக்காவில் தாய்வழிக் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு முதற்பெயராக வைக்கும் வழக்கம் உண்டு. இப்படியான பெயர்கள் தொட்டிலுக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று. 2011இல் அங்கே பிறந்த ஆண் பிள்ளைகளின் பெயர்களில் ஜேக்கப்புக்கு அடுத்து மேசன்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு அமெரிக்க ரியாலிட்டி டிவி நட்சத்திரம் கோர்ட்னி கர்தாஷியன் தன் மகனுக்கு அந்தப் பெயரை வைத்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “விரும்பியே வைக்கினமோ?” என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் மணல் தொட்டியருகே குந்தியிருந்து, மணல் உதிராமல் இருக்க எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று அந்தப் பொடியனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

—

உங்கள் மேசன் அப்பாவைப் பற்றிய பதிவைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. டல்லாஸில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வகுப்பில் டெய்லர் என்று ஒரு பாப்பா. 1990களில் அமெரிக்காவில் பெண் குழந்தைப் பெயர்களில் முதல் பத்துக்குள் வந்த பெயர். பாடகி டெய்லர் ஸ்விஃப்டுக்கு அது ஜேம்ஸ் டெய்லர் என்ற பாடகரை நினைத்து வைத்த பெயர்.

எங்களைத் தையல் மெஷினை மிதித்தே படிக்க வைத்தவர் அம்மா. போனில் இதைச் சொன்னேன். “நெஜமாவா? அந்தப் பாப்பாவுக்கு இடுப்பளவு என்னன்னு கேட்டுச் சொல்லு, ஒரு பாவாடை தச்சு அனுப்பறேன்” என்றார்.