நம்ம ஊர் இட்டேரிக்கு எழும்பூரில் என்ன வேலை?

நொய்யல்கரை:
போன வாரம் சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை போய் வந்தேன். காரணம் ஒரு இட்டேரி. எங்கள் தோட்டத்துக்கும் பங்காளி தோட்டத்துக்கும் நடுவே, இருபுறமும் கிளுவை வேலி போட்ட வண்டித்தடம். இன்று அது பங்காளி பட்டாவுக்குள் கிடக்கிறது. எண்பதுகளில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்துக் கணக்கு எழுதியபோது தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்பது எங்கள் கட்சி. ஆதியிலிருந்தே தங்களுடையது என்பது அவர்கள் கட்சி. பழைய பதிவேட்டைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் உள்ளூர் அலுவலகம் ஒன்றில் கேட்டதற்கு, "பதிவேடு சிதிலமடைந்துவிட்டதால் நகல் வழங்க இயலாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கடைசியில் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பெயர், பாட்டனாரின் அப்பா பெயர், அதற்கு இரண்டு வரி கீழே புறம்போக்கு, வண்டிப்பாதை. நகலுக்கு மனு எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது, உள்ளதைச் சொல்கிறேன்.

இப்போது என் கேள்வி. இட்டேரி இங்கே, சண்டை இங்கே, கோர்ட்டும் இங்கே. கணக்கு மட்டும் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி எதற்குங்க? மாவட்ட ஆவண மையங்கள் இருப்பது தெரியும். நான் கேட்பது அதையல்ல. கொங்கு மாவட்டங்களின் பழைய மூல ஆவணங்கள் திரும்பி வரவேண்டும், அவற்றுக்கென்று முழு அளவில் ஒரு காப்பகம் வேண்டும். தில்லித் தேசிய ஆவணக் காப்பகமே போபாலில் மண்டல அலுவலகமும், புவனேஸ்வர், ஜெய்ப்பூர், புதுச்சேரியில் ஆவண மையங்களும் வைத்திருக்கிறது. நமக்கு என்ன குறைச்சல்?

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
அண்ணா, உங்கள் கதையிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது. உள்ளூரில் இருந்த பிரதி அழிந்தது. எழும்பூரில் இருந்தது பிழைத்தது. அப்புறமும் எழும்பூரில் இருப்பதை உள்ளூருக்குக் கொண்டுவா என்கிறீர்களே?

நான் நிலவரி வரலாற்றில் ஆய்வு செய்கிறேன். வருடத்தில் இரண்டு மாதம் அந்தச் சிவப்புக் கட்டடத்தில்தான் கிடப்பேன். அதனால் ஒன்று சொல்ல வேண்டும். பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. திப்பு வீழ்ந்த 1799இல் கோவை வந்தது. ரீடும் மன்றோவும் அவர்களுக்குப் பின் வந்த கலெக்டர்களும் எழுதிய கடிதங்கள் எல்லாம் சென்னை ரெவின்யூ போர்டுக்கு எழுதப்பட்டவை. அங்கே தஞ்சாவூர்க் கடிதத்துக்கும் நெல்லூர்க் கடிதத்துக்கும் நடுவில் தேதிவாரியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பதில் கடிதமும் அதே தொகுதியில் இருக்கும். அதிலிருந்து கோவையை மட்டும் பிய்த்து எடுத்தால் கேள்வி இங்கே, பதில் அங்கே என்று ஆகிவிடும். எந்த அலுவலகத்தில் உருவானதோ அந்தக் கட்டைக் கலைக்கக் கூடாது என்று 1841லேயே பிரான்சில் சுற்றறிக்கை போட்டுவிட்டார்கள். உலகத்துக் காப்பகங்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கின்றன.

நொய்யல்கரை:
பிரான்சை நீங்களே இழுத்துவிட்டீர்கள், நல்லது. அதே பிரான்சில் 1796லேயே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு காப்பகம் என்று சட்டம் போட்டார்கள். புரட்சிக் காலத்திலேயே, பாரிசின் மையக் காப்பகத்துக்குச் சட்டம் போட்ட இரண்டே வருடத்தில். இன்றும் அங்கே ஒரு விவசாயி தன் நிலத்தின் கதையைத் தன் மாவட்டத் தலைநகரிலேயே பார்க்கலாம். இங்கிலாந்திலும் லண்டன் கியூவில் தேசியக் காப்பகம், கவுண்டி என்கிற மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் தனி ஆவண அலுவலகம்.

ரெவின்யூ போர்டுக்குப் போன கடிதம் சென்னையுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோவைக் கலெக்டர் கச்சேரியிலேயே, அதாவது அவர் அலுவலகத்திலேயே எழுதி, அங்கேயே கட்டி வைத்து, பிற்பாடு வண்டியேற்றிச் சென்னைக்குக் கொண்டுபோன மாவட்டத் தொகுதிகளும் இருக்கின்றனவே? நீங்கள் சொல்லும் விதிப்படியே அவை பிறந்த இடம் கோவைதானே அம்மிணி?

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
இது நியாயமான அடி. அந்தத் தொகுதிகளைப் பற்றி மட்டும் பேசலாம்.

ஊத்துக்குளி வெண்ணெய்:
ஏனுங்க இவ்வளவு சண்டை? எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி நெட்டில் போட்டுவிட்டால் கோவை ஏது, சென்னை ஏது? தில்லிக் காப்பகம் 2015லேயே அபிலேக் படல் என்று ஒரு தளம் ஆரம்பித்துவிட்டது. நான் திருப்பூர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டே 1800களின் கடிதங்களை இறக்கிப் படித்திருக்கிறேன். கட்டடம் கட்டும் காசில் பத்து ஸ்கேனர் வாங்கலாம்.

சிவப்புத் துணிக் கட்டு:
தம்பி, நான் வருவாய்த் துறையில் முப்பத்தோரு வருடம். அதில் ஆறு வருடம் ரெக்கார்டு ரூம். மாவட்டத்தின் பெயர் வேண்டாம். ஸ்கேனருக்கு முன்னால் ஒரு சங்கதி இருக்கிறது, கேளுங்கள்.

ஒரு கோப்பு முடிந்ததும் அதன் தலையில் ஒரு முத்திரை எழுத்துப் போடுவோம். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். டி.டிஸ். என்றால் பத்து வருடம். கே.டிஸ். மூன்று வருடம். எல்.டிஸ். ஒரு வருடம், பிறகு கிழித்துவிடலாம். இதைப் போடுவது யார்? மதியச் சாப்பாட்டுக்கு முன் நாற்பது கோப்பை முடித்தாக வேண்டிய ஒரு உதவியாளர். ஒரு குளத்தின் ஆயக்கட்டுத் தகராறு, ஊரே கையெழுத்துப் போட்ட மகஜர், மூன்று தலைமுறைக் கதை அதில் இருக்கும். அவர் டி.டிஸ். என்று போட்டுவிட்டால் பதினோராவது வருடம் அது காகிதக் கூழ். வரலாறு தில்லியிலும் எழும்பூரிலும் தீர்மானமாவதாக நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அது அந்த மேஜையில் முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. 1980இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது. சரியான காரியம்தான், அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் அதுவரை கிராமக் கணக்கு கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தது. ஒப்படைக்கச் சொன்னபோது சிலர் முழுசாகக் கொடுத்தார்கள், சிலர் பாதியைக் கொடுத்தார்கள், சிலர் கோபத்தில் பரண் மேல் போட்டுவிட்டார்கள். எங்கள் அறைக்கு வந்த ஒரு கட்டைப் பிரித்தேன். மேலே சிவப்புத் துணி அப்படியே புதுசாக இருக்கிறது. உள்ளே கையை விட்டால் மாவு. கரையான் துணியை விட்டுவிட்டுத் தாளை மட்டும் தின்றிருக்கிறது. ஓரத்தில் அரைப் பக்கம் பிழைத்திருந்தது, அதில் "வள்ளம் ஒன்றுக்கு" என்று பழைய அளவு மட்டும் இருந்தது. எந்த நிலம், எவ்வளவு தீர்வை, ஒன்றும் இல்லை.

மாவை எந்த ஸ்கேனரில் வைப்பீர்கள்?

ஊத்துக்குளி வெண்ணெய்:
ஐயா, மிச்சம் இருப்பதையாவது ஸ்கேன் செய்யலாம் என்றுதானே சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் படம் எடுப்பது வேலையில் கால்வாசி. எந்தத் தொகுதி, எந்தத் தேதி, யார் யாருக்கு எழுதியது என்று பட்டியல் போடாவிட்டால் லட்சம் படத்தில் உங்கள் ஊரை எப்படித் தேடுவீர்கள்? அதற்குப் பழைய கையெழுத்தும் மராத்தியின் மோடி எழுத்தும் பாரசீகச் சொல்லும் தெரிந்த ஆள் வேண்டும். கோர்ட்டும் திரையில் எடுத்த படத்தைக் கேட்காது, சான்றிட்ட நகலைத்தான் கேட்கும். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம் உரிய பாதுகாப்பிலிருந்து வந்திருந்தால் அதற்குச் சாட்சியச் சட்டத்தில் தனி மதிப்பு உண்டு. இதில் "உரிய பாதுகாப்பு" என்பதுதான் எல்லாமே. அண்ணாவின் இட்டேரிக்கும் அதுதான்.

தாளைக் காப்பதும் லேசான வேலை இல்லை. இரும்பு மை தானாகவே தாளை அரிக்கும். நொறுங்கும் தாளின் இருபக்கமும் செல்லுலோஸ் அசிட்டேட் படலமும் மெல்லிய டிஷ்யூவும் வைத்து, அசிட்டோன் தொட்டுக் கையாலேயே ஒட்டும் முறையை உருவாக்கியது தில்லித் தேசியக் காப்பகம். அதைக் கற்றுத்தரப் பள்ளியும் அவர்களே நடத்துகிறார்கள், ஒரு வருடப் பட்டயப் படிப்பு. அப்படிப் படித்தவர்கள் மொத்தமே கொஞ்சம். மாவட்டத்துக்கு இரண்டு பேராகப் பிரித்தால் எங்கேயும் வேலை நடக்காது. அதனால்தான் ஒரே கூரை என்கிறேன். சென்னை மேல் எனக்குத் தனிப்பாசம் ஒன்றும் இல்லை.

நொய்யல்கரை:
ஒரே கூரையில் தண்ணீர் புகுந்தால்? 2015 மழையைச் சென்னைக்காரர்களிடம் கேளுங்கள். முட்டையை எல்லாம் ஒரே கூடையில் வைக்காதே என்று எங்கள் ஆத்தா சந்தைக்குப் போகும்போதே சொல்லும். சென்னையின் உப்புக்காற்றைவிட நம்ம ஊர்க் காற்று காகிதத்துக்கு நல்லது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு உதாரணம். தமிழ்க் கல்வெட்டுகளை மை தடவித் தாளில் எடுத்த மைப்படிகள் 1966 முதல் மைசூரில் இருந்தன. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவற்றைத் தமிழ்நாட்டுக்கு மாற்றச் சொன்னது. ஒரு மொழிக்காரரின் ஆவணம் அவர்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அப்போது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. கைதட்டினோம். அதே நியாயத்தை கொங்கு நாடு கேட்டால் மட்டும் ஆள் பற்றாக்குறையா?

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
அண்ணா, மதுரைக் கிளை சென்னைக்கு மாற்றச் சொன்னது. சூலூருக்கு இல்லை.

நொய்யல்கரை:
சிரிப்புக் காட்டி நழுவாதீங்க அம்மிணி.

பஞ்சாலை மகள்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் எல்லாரும் அரசாங்கக் காகிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கோவையில் 1888இல் முதல் பஞ்சாலை வந்தது. அதன் பிறகு நூறு வருடம் இந்த ஊரின் கதை மில் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அப்பா வேலை செய்த ஆலை மூடியபோது, மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவுப் புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனதைப் பார்த்தேன். எனக்குப் பதினைந்து வயது. அட்டை கனமாக இருந்ததால் அதைக் கிழித்துத் தனியாக எடை போட்டார்கள். அப்பா ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தார். 1961, ஸ்பின்னிங், இரண்டாவது ஷிப்ட். அதில் எங்கள் தாத்தாவின் கைநாட்டு இருக்கிறது. எந்தக் காப்பகம் இதை வாங்கிக்கொள்ளும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சிவப்புத் துணிக் கட்டு:
அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போடாதேம்மா. பருத்தித் துணியில் சுற்றிப் படுக்க வையுங்கள், நிற்க வைக்க வேண்டாம்.

நொய்யல்கரை:
இதோ, இதைத்தான் சொல்கிறேன். இங்கிலாந்தின் கவுண்டி அலுவலகங்கள் எஸ்டேட் கணக்கு, கம்பெனிக் கணக்கு எல்லாவற்றையும் வாங்கி வைக்கின்றன. பக்கத்தில் ஒரு காப்பகம் இருந்தால்தானே அந்தப் புத்தகம் அங்கே போகும்? எழும்பூர் வரைக்கும் யார் சுமப்பார்கள்?

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
பஞ்சாலை மகளுக்காக என் கட்சியைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். தனியார் ஆவணங்களுக்கு உள்ளூர்க் காப்பகம் வேண்டும். மூலத் தொகுதிகளில் இன்னும் மாறவில்லை.

ஆனால் இடத்தைப் பற்றிச் சண்டை போட்டுப் பெரிய ஓட்டையைப் பார்க்காமல் விடுகிறோம். 1993இல் மத்திய அரசு பொது ஆவணச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஆவண அலுவலர் வேண்டும், இருபத்தைந்து வருடம் கடந்தவற்றை தேசியக் காப்பகத்தோடு கலந்து மதிப்பிட வேண்டும், விதியை மீறி அழித்தால் ஐந்து வருடம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 1892க்கு முந்தியதை, பயன்படாத அளவுக்குச் சிதைந்திருந்தால் ஒழிய, தொடவே கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2022 டிசம்பரில் தேசியக் காப்பகத்தின் தலைமை இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார்: 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் எங்களிடம் இல்லை, பசுமைப் புரட்சியின் ஆவணமும் இல்லை. 151 அமைச்சகங்களும் துறைகளும் இருக்க, அப்போது காப்பகத்தில் இருந்தது 36 அமைச்சகங்கள், துறைகள் உட்பட 64 அமைப்புகளின் ஆவணங்கள்தான். சிறைத் தண்டனை எழுதிய சட்டத்தை வைத்துக்கொண்டே இந்த நிலை.

ஊத்துக்குளி வெண்ணெய்:
ஏன் கொடுக்கவில்லை? கேட்டு வாங்க முடியாதா?

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
காப்பகம் கலாச்சார அமைச்சகத்தின் கீழ் ஓர் அலுவலகம். அதன் தலைவர் பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதலாம், நினைவூட்டலாம், மறுபடி நினைவூட்டலாம். அமெரிக்காவில் 1985 முதல் தேசியக் காப்பகம் தனித்து நிற்கும் அமைப்பு. அதன் தலைவரை ஜனாதிபதி நியமித்தாலும் செனட் ஒப்புதல் வேண்டும். அங்கேயும் ஆவணம் தொலையாமல் இல்லை. ஆனால் கேட்கிறவருக்கு ஒரு நாற்காலி உயரம் இருக்கிறது.

சிவப்புத் துணிக் கட்டு:
அம்மிணி சொல்வது சரி, ஆனால் அந்த 1993 சட்டம் மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசத்துக்கும்தான். நம்ம தாலுகா அலுவலகத்தை அது தொடாது. புதுச்சேரி அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும், பொள்ளாச்சி அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் தங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டன. நொய்யல்கரையாரே, கட்டடம் கேட்பதற்கு முன்னால் ரெக்கார்டு ரூமுக்குப் படித்த ஆள் ஒருவரைக் கேளுங்கள். என்னை அங்கே போட்டதே தண்டனையாகத்தான். வேறொரு மேஜையில் மேலதிகாரியிடம் வாய் கொடுத்துவிட்டேன்.

நொய்யல்கரை:
ஐயா, ஆளையும் கேட்கிறேன், கட்டடத்தையும் கேட்கிறேன். ஒன்றைக் கேட்டால் பாதிதான் தருவார்கள், அது எனக்குத் தெரியும்.

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
அப்படியானால் கோவைக் கச்சேரியில் எழுதிய தொகுதிகளுக்கு மட்டும், ஆளும் குளிர்சாதன அறையும் வந்த பிறகு, பட்டியல் போட்ட பிறகு. அதற்கு முன்னால் ஒரு தாள் நகரக் கூடாது. இதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

நொய்யல்கரை:
பட்டியல் போட எத்தனை வருடம்?

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
போட ஆள் எத்தனை என்று சொல்லுங்கள், வருடம் சொல்கிறேன்.

ஊத்துக்குளி வெண்ணெய்:
சரி, இட்டேரி என்ன ஆச்சு?

நொய்யல்கரை:
நகல் இன்னும் வரவில்லை. இன்று காலை டீக்கடையில் பங்காளியைப் பார்த்தேன். அவரும் அதே பதிவேட்டுக்கு மனுப் போடப் போகிறாராம், வியாழக்கிழமை சேரனில் டிக்கெட். எழும்பூரில் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று என்னிடமே கேட்டார். சொல்லிக் கொடுத்தேன்.