குறைந்தபட்சச் சம்பளம் 30,000: கொழும்பில் உண்மையில் யாருக்கு என்ன மாறுகிறது?

காலி வீதிக் கடைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தைப் பக்கம் சின்னதாக ஒரு பாத்திரக் கடை நடத்துகிறேன். வேலைக்கு ஆறு பேர். அதில் மூன்று பொடியன்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள், கடைக்கு மேலே உள்ள அறையில் தங்குகிறார்கள், மூன்று வேளைச் சாப்பாடும் நாங்கள்தான். சாப்பாடு, தங்குமிடம் போகக் கையில் 27,000 கொடுத்து வந்தேன். மற்ற மூவரும் பழைய ஆட்கள், அவர்களுக்கு 40,000க்கு மேல் போகிறது.

2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 30,000 என்று சட்டம். கூட்டித்தான் ஆகவேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பக்கத்துக் கடை அண்ணர் ஒருவர் "இப்படியே ஏற்றினால் நாங்கள் எல்லாம் ஆளைக் குறைக்க வேண்டியதுதான், சாமான் விலையும் ஏறும், கடைசியில் ஏழைக்குத்தான் அடி" என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறார். என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், அவள் அதெல்லாம் பழைய கதை அப்பா என்கிறாள். இரண்டு பேரும் உறுதியாகப் பேசுகிறார்கள், இரண்டு பேருமே கணக்குக் காட்டுவதில்லை. சம்பளத்தைச் சட்டம் போட்டு ஏற்றினால் வேலை குறையுமா, விலை ஏறுமா? இன்னொன்று, சாப்பாட்டையும் அறையையும் சம்பளமாகக் கணக்குப் பார்க்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கப்பிள்ளை:
அண்ணா, முதலில் கணக்கைப் பார்ப்போம், கொள்கை பிறகு.

30,000 அடிப்படைச் சம்பளத்துக்கு உங்கள் பங்கு ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், அதாவது 3,600. ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 900. ஆக ஒரு ஆளுக்கு உங்களுக்கு 34,500 போகிறது. அவருடைய பங்கு 8 வீதம் கழிந்து பொடியன் கையில் வாங்குவது 27,600. முன்பு 27,000க்கு உங்கள் மொத்தச் செலவு 31,050. வித்தியாசம் ஆளுக்கு 3,450, மூன்று பேருக்கு மாதம் 10,350. இந்தப் பணத்துக்காக வெள்ளவத்தையில் ஒரு கடை ஆளை நிறுத்தும் என்றால் அந்தக் கடைக்கு வேறு நோய் இருக்கிறது. (கையில் 27,000 கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 8 வீதம் கழித்த பிறகா, இல்லை ஈ.பி.எப்.பே கட்டுவதில்லையா? இங்கே பதில் சொல்ல வேண்டாம், ஆனால் தாமதித்தால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை போகும் என்பது நினைவில் இருக்கட்டும்.)

சாப்பாட்டு விஷயம். ஈ.பி.எப். சட்டத்தில் முதலாளி கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் உழைப்பு வருமானமாகக் கணக்கில் வரும். பல கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். அதாவது சாப்பாட்டைக் காட்டினால் உங்கள் கட்டுப்பணம் ஏறும். அதே சாப்பாட்டைக் காட்டி 30,000ஐக் குறைக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், நாரஹேன்பிட்டத் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் பதில் வாங்காமல் கை வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2016ல் தேசிய குறைந்தபட்சம் 10,000 என்று வந்தது. 2021ல் 12,500, 2024ல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, இப்போது 30,000. பார்த்தால் பயங்கரமான ஏற்றம் போலத் தெரியும். ஆனால் பழைய தொகைகளுக்கு மேல் 2005லும் 2016லும் வந்த பாதீட்டு நிவாரணப் படி 1,000மும் 2,500மும் தனியாக இருந்தன. 2025ல் அந்த 3,500ஐயும் அடிப்படைக்குள் போட்டுவிட்டார்கள். ஆகவே 17,500லிருந்து 27,000க்குப் பாய்ந்தது என்று சொல்வது பிழை, 21,000லிருந்து 27,000க்கு வந்தது. 2016ஐயும் அதே மாதிரிப் பார்த்தால் 13,500. அதற்குப் பிறகு விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 13,500ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள், 27,000 வருகிறது. பத்து வருஷத்தில் ஏறியது என்று சொல்ல என்ன மிச்சம்?

டீச்சர் கொழும்பு 6:
உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். பக்கத்துக் கடை அண்ணர் சொல்வது பாடப்புத்தகத்தின் முதல் வரைபடம்: விலையை ஏற்றினால் கேள்வி, அதாவது வாங்கும் அளவு, குறையும், சம்பளமும் ஒரு விலைதான், ஆகவே வேலை குறையும். அது தவறான தர்க்கம் இல்லை. ஆனால் உங்கள் மகள் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது.

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணித்தியாலத்துக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்தில் பென்சில்வேனியா ஏற்றவில்லை. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரண்டு பக்கத்துத் துரித உணவுக் கடைகளையும் ஒப்பிட்டு 1994ல் கட்டுரை எழுதினார்கள்: ஏற்றிய பக்கத்தில் வேலை குறையவில்லை. பெரிய சண்டை வந்தது. நியூமார்க், வாஷர் என்ற இருவர் சம்பளப் பதிவேடுகளை வைத்து எதிராக வாதாடினார்கள், அந்த வாக்குவாதம் இன்னும் முழுதாக முடியவில்லை. ஆனால் கார்டுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் குறையவில்லை? ஒரு விளக்கம், முதலாளிகளுக்குச் சம்பளத்தை அமுக்கிவைக்கும் பலம் இருக்கிறது என்பது. ஊரில் வேலை கொடுக்க நாலு பேர்தான் இருந்தால், போக வேறு இடம் இல்லாதவன் கிடைத்ததை வாங்கிக்கொள்வான். அந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் ஏற்றினால் முதலாளியின் லாபத்தில் ஒரு துண்டு போகும், வேலை போகாது. இன்னொரு விளக்கம் விலை. ஹங்கேரி 2001, 2002ல் குறைந்தபட்சச் சம்பளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. பின்னர் ஆராய்ந்தபோது கூடிய செலவில் சுமார் முக்கால் பங்கை வாடிக்கையாளர்களும் மிச்சத்தை முதலாளிகளும் சுமந்தது தெரிந்தது. ஆகவே "விலை ஏறும்" என்பதில் அண்ணர் பாதி சரி. ஜெர்மனியில் 2015ல் 8.50 யூரோ என்று முதன்முறை தேசிய அளவில் வந்தபோது பெரிய வேலையிழப்பு வரவில்லை, ஆனால் ஆட்கள் சின்ன இடங்களிலிருந்து நல்ல சம்பளம் கொடுக்கும் பெரிய இடங்களுக்கு நகர்ந்தார்கள். சின்னக் கடை வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1938ல் அமெரிக்கா மணிக்கு 25 சதம் என்று நிர்ணயித்தபோது அது புவேர்ட்டோ ரிக்கோவுக்கும் பொருந்தியது. அங்கே பலருடைய சம்பளம் அதற்கு மிகவும் கீழே. ஊசிவேலைத் தொழிலில் வேலைகள் போயின, 1940லேயே சட்டத்தைத் திருத்தி அந்தத் தீவுக்குக் குறைந்த தொகைகளை அனுமதிக்க வேண்டிவந்தது. நடைமுறைச் சம்பளத்துக்கும் சட்டத் தொகைக்கும் எவ்வளவு தூரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொழும்பில் 30,000க்கு யார் வேலைக்கு வருகிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று என்னை யோசிக்க வைக்கும். 2021லிருந்து 2024 வரை நம்முடைய குறைந்தபட்சம் அசையவே இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அதாவது சட்டச் சம்பளத்தின் உண்மைப் பெறுமதி சரசரவென்று விழுந்தது. ஆள் மலிவானதும் கடைகள் ஆள் சேர்த்தனவா? ஷட்டரை இழுத்தன. வாங்க ஆள் இல்லாவிட்டால் மலிவான வேலையாள் எதற்கு? நெருக்கடியில் வேறு ஆயிரம் காரணம் இருந்தது, தெரியும். என்றாலும் "சம்பளம் குறைந்தால் வேலை கூடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் அந்த மூன்று வருஷத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

பொகவந்தலாவப் பொடியன்:
நான் முதலாளி இல்லை, புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறவன். டீச்சர், நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். 30,000க்கு ஒருத்தரும் வருவதில்லை. சாப்பாடும் படுக்கவும் இடம் இருந்தால் புதிதாக வரும் பொடியன் வருவான், வேலை பழகியதும் அடுத்த கடைக்கு மாறிவிடுவான், இல்லையென்றால் த்ரீவீலர் ஓடுவான், பாஸ்போர்ட் எடுப்பான்.

அண்ணைமாருக்கு ஒரு கணக்கு. 2026 பாதீட்டில் தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் 1,550, அதற்கு மேல் வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் தரும் 200, மொத்தம் 1,750 என்று அறிவித்தார்கள். 25 நாள் பேர் விழுந்தால், அதாவது முழு நாள் வேலை பதிந்தால், 43,750. சரி, 25 நாளும் வேலை கொடுக்கமாட்டார்கள், கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் என்பார்கள், அட்டைக்கடியும் மழையும் வேறு. அது தெரியும், என் அம்மா இன்னும் மலையில்தான். ஆனால் வீட்டில் இருந்துகொண்டே அந்தக் காசு வரும் என்றால் கொழும்புக்கு வந்து கடைக்கு மேலே நாலு பேரோடு படுத்து 30,000 வாங்க அடுத்த தம்பி எதற்காக பஸ் ஏறவேண்டும்? நாடாளுமன்றத்தில் போட்ட சட்டம் உங்கள் சம்பளத்தை ஏற்றுகிறதோ இல்லையோ, தோட்டச் சம்பளம் ஏற்றும்.

பிறகு நேரம். எட்டு மணிக்குத் திறந்து இரவு எட்டரை வரை நிற்கிறோம். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் ஓ.டி. (மேலதிக நேரச் சம்பளம்) ஒன்றரை மடங்கு. 30,000ஐக் கொடுத்துவிட்டு ஓ.டி.யைப் பற்றி வாய் திறக்காத முதலாளிதான் அதிகம். எனக்கு அடிப்படை ஏறியதில் சந்தோஷம், ஏனென்றால் ஓ.டி. கேட்கும்போது கேட்கும் தொகையும் ஏறுகிறது. கேட்கிற தைரியம்தான் வேண்டும்.

கட்டுநாயக்க லைன்:
தம்பி சொன்ன ஓ.டி. விஷயம்தான் எங்கள் இடத்திலும் மையம். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். கையில் எடுத்துப்போகும் தொகை எங்கள் பிள்ளைகளுக்கு 30,000க்கு எவ்வளவோ மேல். ஆனால் அது அடிப்படை, வரவுப் படி, உற்பத்தி ஊக்கத்தொகை, ஓ.டி. என்று நாலு துண்டாக இருக்கும். ஈ.பி.எப். அடிப்படைக்குத்தான் கட்டுவார்கள், ஓ.டி.யும் அதை வைத்துத்தான். ஆகவே சட்டம் 3,000 ஏற்றினால் பல கம்பனிகள் செய்வது, வரவுப் படியில் 3,000ஐக் குறைத்து அடிப்படையில் போடுவது. கையில் வரும் காசு அப்படியே, சில வேளை 8 வீதம் கூடக் கழிவதால் பிள்ளைக்குக் குறைவாகக்கூட வரும். சம்பளத் துண்டைப் பார்த்துச் சண்டைக்கு வருவார்கள். ஆனால் நீண்ட காலத்தில் அவர்களுக்கு அதுதான் லாபம். ஐந்து வருஷம் கழித்துப் போகும்போது பணிக்கொடை கடைசி அடிப்படையின் அரை மாதம் வீதம் வருஷத்துக்கு. அதுவும் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் சட்டப்படி கட்டாயம், கடைக்காரர் பலர் 14ல் நிற்பது ஏன் என்று இப்போது விளங்கும்.

ஏற்றுமதி பாதிக்கும் என்று பயமுறுத்துபவர்களுக்கு: பங்களாதேஷில் 2023 டிசம்பரிலிருந்து ஆடைத் தொழிலுக்குக் குறைந்தபட்சம் 12,500 டாக்கா. நம்முடைய 30,000 ரூபாவும் அதுவும் இன்றைய நாணய மாற்றில் ஏறக்குறைய 100 டாலர் பக்கம்தான். 2025ல் எங்களுக்குத் தூக்கம் போனது ட்ரம்ப் போட்ட இறக்குமதி வரியால், 44 என்று தொடங்கி 20 வீதத்தில் வந்து நின்றது. குறைந்தபட்சச் சம்பளம் பற்றி மேலிடத்தில் ஒரு கூட்டம்கூட இரவு பத்து மணி வரை நடந்ததாக ஞாபகம் இல்லை.

ஆனால் நான் முழுக்க ஆதரவு என்றும் சொல்லமாட்டேன். கொழும்பில் கடிக்காத தொகை மொனராகலையில், முல்லைத்தீவில் ஒரு பேக்கரிக்கோ தையல் நிலையத்துக்கோ கடிக்கும். அங்கே அவர்கள் ஆளை நிறுத்தமாட்டார்கள். பதிவிலிருந்து எடுத்துவிட்டு நாட்கூலி என்பார்கள். வேலை இருக்கும், ஈ.பி.எப். இருக்காது. புள்ளிவிவரத்தில் இது வேலையிழப்பாக வராது, அதனால் ஆய்வாளருக்கும் தெரியாது. டீச்சரிடம் சண்டைக்கு வரவில்லை, ஆனால் நியூ ஜெர்சிக் கடைகளில் எல்லோரும் பதிவில் இருந்தார்கள்.

டீச்சர் கொழும்பு 6:
சண்டையே இல்லை, அது மிகச் சரியான இடம். நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் முறைசாராத் துறையில். அமெரிக்க முடிவை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. என் வகுப்பில் இதைச் சொல்லப்போகிறேன்.

காலி வீதிக் கடைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கணக்கப்பிள்ளைத் தம்பி அடைப்புக்குறிக்குள் கேட்டதற்குத் தனிச் செய்தியில் பதில் போடுகிறேன். விலை ஏற்றும் யோசனை முதலில் இருந்தது, பத்தாயிரத்துக்காக எந்தச் சட்டியில் எவ்வளவு ஏற்றுவது என்று பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது, கடை வாடகை போன வருஷம் கூடியது இதைவிடப் பல மடங்கு. ஆனால் எனக்கு இன்னொரு சிக்கல். பொடியன்களுக்கு 3,000 கூட்டினால், 42,000 வாங்கும் பழைய ஆள் "எனக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார். பன்னிரண்டு வருஷம் என்னோடு இருப்பவர். சட்டம் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனைக் கணக்கப்பிள்ளை:
அண்ணா, எல்லாக் கடையிலும் உண்மையான செலவு அதுதான். சட்டம் அடிமட்டத்தைத் தள்ளும், மேலே இருப்பவர் இடைவெளியைக் கேட்பார். மூன்று பழையவர்களுக்கும் ஆளுக்கு 3,000 போட்டால் அதுவும் மாதம் 10,350, ஆக மொத்தம் 20,700. ஒரேயடியாக வேண்டாம் என்றால் பன்னிரண்டு வருஷக்காரருக்கு இப்போதே போடுங்கள், மற்ற இருவருக்கும் ஏப்ரலில் என்று வாயால் சொல்லாமல் கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். அவர் போய்விட்டால் அவருடைய இடத்துக்கு 45,000க்கு ஆள் கிடைக்காது, வாடிக்கையாளர் பாதிப் பேர் அவரைத்தானே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

பொகவந்தலாவப் பொடியன்:
அண்ணா, உங்கள் கடையில் ஆள் தேவையா?