ஆல்பர்ட்டாவில் 41 ஆண்டு ஆட்சியை உலுக்கிய வைல்ட்ரோஸ் கட்சி 2012இல் ஏன் தோற்றது?

கேள்வி

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாண அரசியலைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி 1971 முதல் தொடர்ந்து ஆண்டுவந்தது. ஆள்வதே வலதுசாரிக் கட்சி என்னும்போது, அதற்கும் வலப்புறத்தில் வைல்ட்ரோஸ் என்று ஒன்று எப்படி வேர்பிடித்தது? 2012 தேர்தலில் கருத்துக்கணிப்புகள் அதற்கே வெற்றி என்றனவாமே, பிறகு என்ன ஆயிற்று? அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்

அந்த ஆண்டுகளில் நான் கால்கரியில், எண்ணெய் ரிக்குகளுக்கு, அதாவது கிணறு துளையிடும் இயந்திரங்களுக்கு, உதிரிபாகம் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு இந்தக் கதை ராயல்டியில்தான் தொடங்குகிறது. நிலத்தடி எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் மாகாண அரசின் சொத்து. அதை எடுக்கும் நிறுவனம் அரசுக்குத் தரும் பங்கே ராயல்டி. 2007இல் முதல்வர் எட் ஸ்டெல்மாக் அந்தப் பங்கை உயர்த்துவதாக அறிவித்தார். மக்களுக்கு உரிய பங்கு வரவேண்டும் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட விலை, டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே சரிந்தது. புதிய விகிதம் 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

விளைவை என் மேசையிலேயே பார்த்தேன். நான் போடும் பில்களில் டெலிவரி முகவரி எஸ்டெவான், வேபர்ன் என்று மாறத் தொடங்கியது. இரண்டும் பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவனில் உள்ள ஊர்கள். ரிக்குகள் அங்கே போய்விட்டன. உலகச் சந்தைச் சரிவுக்குப் பாதிப் பொறுப்பாவது உண்டு, ஆனால் வேலை இழந்தவர் ஸ்டெல்மாக்கைத்தான் திட்டினார். அந்த செப்டம்பரில் கால்கரி-கிளென்மோர் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியிடமிருந்து வைல்ட்ரோஸ் தொகுதியைப் பறித்தது. அடுத்த மாதம் டேனியல் ஸ்மித் கட்சித் தலைவரானார். 2010 ஜனவரியில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் இருவர் அங்கே தாவினார்கள்.

கிராமப்புறத்துக் கோபம் வேறு, என் கணக்கில் அதுதான் ஆழமானது. 2009இல் வந்த 36ஆம் மசோதா நிலப் பயன்பாட்டைத் திட்டமிடும் அதிகாரத்தை அமைச்சரவையிடம் குவித்தது. 50ஆம் மசோதா, உயர் அழுத்த மின்பாதை தேவைதானா என்ற விசாரணையே இல்லாமல் அமைச்சரவை ஒப்புதல் தர வழிசெய்தது. தலைமுறைகளாக இந்தக் கட்சிக்கே வாக்களித்த விவசாயிகள், எங்கள் கடைக்கு வந்தால் கவுன்டரில் சாய்ந்தபடி அந்த மசோதாக்களின் எண்களைச் சொல்லித்தான் பேசுவார்கள். தன் வயலில் கோபுரம் நடுவதற்கு முன் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற ஆற்றாமை அது. அதை வெறும் வலதுசாரி வெறி என்று ஒதுக்கும் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இன்னொருவர்

எட்மன்டனிலிருந்து எழுதுகிறேன். ஐயா சொன்னது எழுச்சிக்கான காரணம். தோல்விக்குக் காரணம் கடைசி வாரம். ஒரு வேட்பாளர், ஒருபால் ஈர்ப்பினர் நரகத்து நெருப்பு ஏரியில் வேதனைப்படுவார்கள் என்று முன்பு எழுதியது வெளிவந்தது. கால்கரியில் மற்றொருவர், தான் வெள்ளையர் என்பதே தனக்கு ஒரு சாதகம் என்றார். ஸ்மித் இருவரையும் நீக்க மறுத்தார். முடிவு: ஆளுங்கட்சி 61, வைல்ட்ரோஸ் 17. எப்போதும் லிபரல் கட்சிக்குப் போடும் என் நண்பர்கள் பலர் அன்று ஆளுங்கட்சியின் அப்போதைய முதல்வர் அலிசன் ரெட்ஃபோர்டுக்குப் போட்டார்கள்.

கேட்டவர்

நன்றி. அப்படியானால் 2015இல் இடதுசாரியான புதிய ஜனநாயகக் கட்சி வென்றது வலதுசாரி வாக்குகள் பிரிந்ததால்தானா?

பதில்

அந்த விளக்கம் பாதிதான் சரி. 2012இலும் அதே வாக்குகள் பிரிந்தே கிடந்தன, புதிய ஜனநாயகக் கட்சிக்கு நான்கு இடம்தான் கிடைத்தது. இடையில் நடந்ததைப் பாருங்கள். 2014 டிசம்பரில் எதிர்க்கட்சித் தலைவரான ஸ்மித்தே எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ஆளுங்கட்சியில் சேர்ந்தார். வாக்காளரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. மசோதாக்களை எதிர்த்து இவர்களை அனுப்பிய ஊர்க்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஸ்மித்தின் சொந்தத் தொகுதியான ஹைவுட்டில் ஆளுங்கட்சி உறுப்பினர்களே அவருக்கு வேட்பாளர் வாய்ப்பைத் தராமல் தோற்கடித்தார்கள். மே தேர்தலில் ஆளுங்கட்சி 44 சதவீதத்திலிருந்து 28க்கு விழுந்தது. அதிலிருந்து போன வாக்குகள் வைல்ட்ரோஸுக்கு வரவில்லை, அதுவும் 34இலிருந்து 24க்கு இறங்கியது. ரேச்சல் நாட்லி தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சி 10இலிருந்து 41க்கு ஏறியது. அதாவது வலப்பக்கத்து வாக்கிலேயே ஒரு பெரும்பங்கு மறுபக்கம் போயிருக்கிறது.

ஆராய விரும்பினால் தொகுதிவாரி முடிவுகளை எடுத்துப் பாருங்கள். குறைந்த வாக்கு வாங்கிய வைல்ட்ரோஸுக்கு 21 இடம், அதிகம் வாங்கிய ஆளுங்கட்சிக்குப் பத்து. வைல்ட்ரோஸின் 21இல் ஒன்றுகூட கால்கரியிலோ எட்மன்டனிலோ இல்லை.