ஆபீஸ் தோழி நவநாளுக்கு வரட்டுமா என்கிறாள், என்ன செய்யலாம்?

எலத்தகிரிப் பொண்ணு:
எங்கள் ஊர் கிருஷ்ணகிரி பக்கம் எலத்தகிரி. ஊரே கத்தோலிக்கர்கள் என்பதால் விசுவாசத்தை யாருக்கும் எடுத்துச் சொல்லும் தேவையே அங்கு வந்ததில்லை. இப்போது பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பி.ஜி.யில் தங்கியிருக்கிறேன். டீமில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவள்.

சாம்பல் புதனன்று காலைப் பூசை முடித்து நெற்றியில் சாம்பலோடு ஆபீஸ் போனேன். பக்கத்து சீட் தோழி மண்டியாக்காரி. "நீ கிறிஸ்டியன்தானே, இன்னைக்கு என்ன விபூதி?" என்றாள். போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பல் இது, மண்ணுக்குத்தான் திரும்பப் போகிறோம் என்று நினைவுபடுத்தப் பூசுவார்கள் என்றேன். "எங்க பாட்டியும் விபூதிக்கு இதையேதான் சொல்லும்" என்று சிரித்தாள். அவ்வளவுதான் பேச்சு.

போன வாரம் அவளே வந்து, அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், உங்க சாமிகிட்ட வேண்டிக்கோ என்றாள். வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் நடக்கும் நவநாள் ஜெபத்துக்கு நானும் வரட்டுமா என்றும் கேட்டாள்.

ரூம்மேட் அக்கா பெந்தெகொஸ்தே சபை. "கதவு திறந்திருக்கு, பைபிள் கொடு, சுகம் கிடைக்கும்னு தைரியமா சொல்லு, அப்படியே எங்க சபைக்கும் கூட்டிட்டு வா" என்கிறார். டீம் லீடோ, யாரோ அனுப்பிய ஜோசிய ஃபார்வர்டைப் பார்த்துவிட்டு, குரூப்பில் மத விஷயமே வேண்டாம் என்று போட்டிருக்கிறார். கூட்டிப் போகலாமா? போனால் என்ன பேசுவது?

ஓசூர் ஜெபவீரன்:
தங்கச்சி, உங்க அக்கா சொல்வதுதான் சரி. கேட்கும்போது சொல்லாமல் வேறு எப்போது சொல்வது? ஒரு புதிய ஏற்பாடு கையில் கொடுங்கள். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

மத்திகிரிக்காரன்:
பாப்பா, தாராளமாகக் கூட்டிப் போ. உன்னைக் கூப்பிட்டதே அந்தப் பெண்தானே.

நான் ஓசூர் தொழிற்சாலைக்கு வரும் முன் பீன்யாவில் ஃபிட்டராக இருந்தவன். மிஷினுக்கு ஆயுத பூஜை போடும்போது கூடவே நின்று பொரி வாங்கித் தின்பேன். வெள்ளிக்கிழமை டப்பாவில் கறி இல்லையே என்று யாராவது கேட்டால், தவக்காலம் என்று சொல்வேன். கேட்டவனுக்கு அது போதும். பேதுருவின் முதல் திருமுகம் 3:15இல் சொல்லியிருப்பதும் இதுதான்: உன் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவனுக்குப் பதில் சொல்லத் தயாராக இரு, அதைப் பணிவோடு சொல். முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறவர்கள் நம்மில் நிறைய. (ஜெபவீரன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

ஒன்று மட்டும் செய்யாதே. அம்மாவுக்குச் சுகம் நிச்சயம் என்று சொல்லாதே. அது நம் கையில் இல்லை. நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அந்தப் பெண் உன்னையும் இழப்பாள், உன் சாமியையும் சேர்த்து வெறுப்பாள். "வேண்டிக்கிறேன்" என்று சொல், சொன்னபடி வேண்டிக்கொள். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபிளாஸ்க் காபியோடு போய் அவளோடு உட்கார்.

சட்டமும் தெரிந்து வைத்துக்கொள். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்ற மட்டுமல்ல, பரப்பவும் உரிமை கொடுக்கிறது. ஆனால் அதில் அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டேனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்நாடகத்தில் 2022இல் மதமாற்றத் தடைச் சட்டமும் வந்தது. கேட்ட தோழியோடு கோயிலுக்குப் போவது இதிலெல்லாம் சேராது, பயப்படாதே. ஆபீஸ் குரூப் விஷயத்தில் டீம் லீட் சொன்னதைக் கேள். அது வேலைக்கான இடம்.

அப்புறம், பூசைக்கு உட்கார்ந்தால் நன்மை எடுக்க, அதாவது நம்மவர்கள் மட்டும் பூசை வைக்கும் சாமியாரிடம் வாங்கும் திருவப்பத்துக்கு, வரிசை போகும். அது என்ன, ஏன் அவள் வரக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடு. எல்லாரும் எழுந்து போகிறார்களே என்று பின்னால் வந்து, அங்கே சாமியார் முன்னால் விழித்துக்கொண்டு நிற்பது பெரிய சங்கடம். பார்த்திருக்கிறேன். பெஞ்சில் அவளோடு நீயும் உட்கார்ந்திருந்தால்கூடத் தப்பில்லை.

அரூர் வாசகி:
நான் இந்து, தர்மபுரி மாவட்டம். அந்தத் தோழியின் இடத்தில் இருந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். ஹாஸ்டல் தோழி செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் மரியன்னை தேருக்குக் கூட்டிப் போனாள். காவிச் சேலையில் எத்தனை பெண்கள்! பாதிப் பேர் எங்களவர்கள். அவள் எனக்கு எதையும் விளக்கவில்லை, நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வீட்டு விசேஷத்துக்கு இன்றைக்கும் அவளைக் கூப்பிடுகிறேன்.

மாறாக, அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் வார்டுக்குள் வந்து, கேட்காமலே அவர் தலையில் கை வைத்து உரக்க ஜெபித்தார். அம்மா வாய் திறக்கவில்லை. அவர் போனதும் அழுதாள். நல்ல எண்ணத்தில்தான் வந்திருப்பார், ஆனால் நோயாளி வீட்டார் எதிர்த்துப் பேச முடியாத நேரம் அது.

ஓசூர் ஜெபவீரன்:
அக்கா, கேட்காமல் கை வைத்தது தவறுதான். ஆனாலும் சொல்லாமலே இருந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தங்கச்சி, அவளாகவே பைபிள் கேட்டால் தயங்காதீர்கள், கன்னடத்திலேயே கிடைக்கும்.

எலத்தகிரிப் பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. வியாழன் போகிறோம். அவள் அம்மா பெயரை எழுதி மன்றாட்டுப் பெட்டியில் போடலாமா என்று அவளே கேட்டாள், சரி என்றேன். ரூம்மேட் அக்காவிடம் சபைக்குக் கூட்டி வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் ஆபரேஷன் என்றைக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒரு சந்தேகம்: ஷிஃப்ட் ஐந்தரைக்கு முடியும், பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போக முடியுமா?

மத்திகிரிக்காரன்:
பஸ்ஸை நம்பாதே. மஞ்சள் மெட்ரோவில் சில்க் போர்டு வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடி. வியாழக்கிழமை கோயில் பக்கம் கூட்டம் நெரியும், கொஞ்சம் முன்னாலேயே இறங்கி நடந்துவிடுங்கள்.