ஸ்டோர்டு புரொசீஜர் ஓடுகிறது, டேட்டா மட்டும் வரவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். விபி6-இல் (விஷுவல் பேசிக் 6) எழுதிய பில்லிங் சாஃப்ட்வேர், பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ். மாத ரிப்போர்ட்டுக்கான ஸ்டோர்டு புரொசீஜரை (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) சர்வரின் சொந்தக் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ஓட்டினால் ரோக்கள் கொட்டும். அப்ளிகேஷனிலிருந்து கூப்பிட்டால் எரர் 3704, அதாவது ரோக்களை வாங்கி வைக்கும் ரெக்கார்ட்செட் மூடிக் கிடக்கிறதாம். கனெக்‌ஷனைச் சந்தேகித்தோம், பர்மிஷனைச் சந்தேகித்தோம், கிளையன்ட் ஆபீஸ் நெட்வொர்க்கையும் விட்டுவைக்கவில்லை.

கடைசியில் பார்த்தால், ரிப்போர்ட் வேகமாக வரட்டும் என்று யாரோ புரொசீஜருக்குள் ஒரு டெம்ப் டேபிளை (தற்காலிக டேபிள்) புகுத்தியிருந்தார்கள். முதலில் இன்சர்ட், அப்புறம் செலக்ட். இன்சர்ட் முடிந்ததும் இத்தனை ரோ சேர்ந்தது என்று சர்வர் ஓர் எண்ணிக்கை அனுப்புமே, அதையே ஏடிஓ (விபி6 டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்தும் லைப்ரரி) முதல் ரிசல்ட்டாக எடுத்துக்கொள்கிறது. அதில் ரோ எதுவும் கிடையாது, அதனால் மூடிய ரெக்கார்ட்செட் கைக்கு வருகிறது. நமக்கு வேண்டியது அதற்குப் பின்னால் நிற்கிறது. அடுத்த ரிசல்ட்டுக்குத் தாவும் நெக்ஸ்ட்ரெக்கார்ட்செட் போட்டு எடுக்கலாம்தான். ஆனால் புரொசீஜரின் தொடக்கத்திலேயே, அந்த எண்ணிக்கையை அனுப்பாதே என்று சொல்லும் 'செட் நோகவுண்ட் ஆன்' போட்டுவிடுவது உத்தமம். நாளைக்கு இன்னொரு இன்சர்ட் சேர்ந்தாலும் அப்ளிகேஷன் கோடைத் தொட வேண்டாம்.

* * *

டாட்நெட்டுக்கு மாறினாலும் தொல்லை வேறு ரூபத்தில் வரும் சார். எங்கள் புரொசீஜர் ஒன்று ரோக்களோடு மொத்த எண்ணிக்கையை அவுட்புட் பாராமீட்டரில் தரும். ரோக்களை ஒவ்வொன்றாகப் படிக்கும் ரீடர் திறந்திருக்கும்போதே பாராமீட்டரைப் பார்த்தால் காலி. சர்வர் ரோக்களை எல்லாம் அனுப்பி முடித்த பிறகுதான் அவுட்புட் மதிப்புகளை அனுப்புகிறது. ரீடரை மூடிவிட்டுப் பார்த்தால் எண் இருக்கும்.

இதாவது உடனே தெரிந்துவிடும். இன்னொரு புரொசீஜரில் செலக்ட் முதலில், ஸ்டாக் கழிக்கும் அப்டேட் அடுத்து. அப்டேட், டேபிளுக்குப் போட்டிருந்த கட்டுப்பாட்டில் (கன்ஸ்ட்ரெயின்ட்) மாட்டித் தோற்றது. கோடோ முதல் ரிசல்ட்டைப் படித்த கையோடு ரீடரை மூடிவிட்டது. அடுத்த ரிசல்ட்டுக்குப் போகும் நெக்ஸ்ட்ரிசல்ட்டைக் கூப்பிட்டிருந்தால்தான் அந்த எரர் எக்ஸெப்ஷனாக வெளியே வந்திருக்கும். திரையில் 'சேமிக்கப்பட்டது', டேபிளில் பழைய ஸ்டாக். குடோன்காரர் போன் போட்டுக் கத்திய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

* * *

பிஎச்பி ஆட்களுக்கு 2014 என்ற எரர் எண் மறக்காது: 'கமாண்ட்ஸ் அவுட் ஆஃப் சிங்க்'. மைஎஸ்க்யூஎல்லில் 'கால்' (CALL) கட்டளை போட்டுப் புரொசீஜரைக் கூப்பிட்டால், செலக்ட் தரும் ரிசல்ட்டுக்குப் பிறகு, வேலை முடிந்தது என்று சொல்லும் ஸ்டேட்டஸ் ஒன்றும் சேர்ந்தே வரும். அதை எடுக்காமல் அதே கனெக்‌ஷனில் அடுத்த குவெரி போட்டால் இந்த எரர்தான். நெக்ஸ்ட்_ரிசல்ட்டை லூப்பில் ஓட்டி எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். கனெக்‌ஷனை மூடி மறுபடி திறந்து சமாளிக்கிற கோடும் பார்த்திருக்கிறேன். ஓடும், ஆனால் பார்க்கச் சகிக்காது.

* * *

ஆரக்கிள் பற்றி யாரும் பேசவில்லையே. எஸ்க்யூஎல் சர்வரிலிருந்து வருகிறவர்கள் ஆரக்கிளின் பிஎல்/எஸ்க்யூஎல் மொழியில் எழுதும் புரொசீஜருக்குள் வெறும் செலக்டை எழுதுவார்கள். ரிசல்ட்டை எதில் வைப்பது என்று சொல்லும் இன்டூ எங்கே என்று கேட்டு கம்பைலே ஆகாது. அவுட் பாராமீட்டராக ரெஃப் கர்சர் (ரிசல்ட் ரோக்களைச் சுட்டும் கைப்பிடி) கொடுத்து, ஜாவாவில் அதை ரிசல்ட்செட்டாக எடுக்க வேண்டும். ஆரக்கிள் 12சி பதிப்பில், ரிசல்ட்டை நேராக அனுப்பும் ரிட்டர்ன்_ரிசல்ட் டிபிஎம்எஸ்_எஸ்க்யூஎல் பேக்கேஜில் வந்தது, இருந்தாலும் எங்கள் பக்கம் இன்னும் ரெஃப் கர்சர்தான்.

போஸ்ட்கிரஸ்ஸிலும் ரெஃப்கர்சர் உண்டு. ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு கட்டளையும் முடிந்ததும் தானாகக் கமிட் ஆவதை) அணைத்துவிட்டுப் படியுங்கள். கமிட் ஆனதும் கர்சர் மூடிவிடும்.