பாடத்தை டிராப் செய்யும் முன் இரண்டு பேரிடம் கேளுங்கள்

இந்த ஆகஸ்டில் எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்கா வந்து இறங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். வீடு, சிம் கார்டு பற்றிச் சொல்ல ஆள் நிறைய உண்டு. அகடமிக் அட்வைசரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நம் ஊரில் எந்த செமஸ்டரில் எந்தப் பேப்பர் என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்துவிடும். மார்க் குறைந்தால் எச்ஓடி கூப்பிடுவார், அப்பாவுக்கு போன் போகும். இங்கே கூப்பிட மாட்டார்கள். 1974-ல் வந்த ஃபெர்பா என்ற மாணவர் தனியுரிமைச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் உங்கள் கல்விப் பதிவுகள் மீதான உரிமை உங்களுடையது. நீங்கள் எழுதிக் கொடுக்காமல் பெற்றோருக்குப் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள்.

பட்டத்துக்கு என்னென்ன பாடம் வேண்டும், எதை முடித்தால் எதை எடுக்கலாம், எது ஸ்பிரிங் செமஸ்டரில் மட்டும் நடக்கும் என்று வழி காட்டுவது அட்வைசரின் பொறுப்பு. டிகிரி ஆடிட்டை, அதாவது பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்ற பட்டியலைப் படித்துப் பார்ப்பது, கடைசித் தேதிகளைக் குறித்து வைப்பது, பல்கலைக்கழக மெயிலைத் தினமும் திறப்பது உங்கள் பொறுப்பு. எதை எடுப்பது என்ற முடிவும் உங்களுடையதுதான்.

என்னோடு ஒரே வீட்டில் இருந்த ஒரு தம்பிக்கு முதல் செமஸ்டரில் மூன்று பாடம், 9 கிரெடிட். அல்காரிதம்ஸ் மிட்டெர்மில் அடி வாங்கிவிட்டான். அட்வைசரைப் போய்ப் பார்த்தான். "டிராப் செய்யலாம், டபிள்யூ (பாடத்தை விட்டதற்கான குறி) விழும், ஜிபிஏ குறையாது" என்றார். அன்று இரவே சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து, அந்தப் பாடத்துக்கு நேரே டிக் போட்டுவிட்டான். சப்மிட் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். "டிஎஸ்ஓவிடம் கேட்டாயா?" என்றேன். வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக அதிகாரிதான் டிஎஸ்ஓ. அப்படி ஒருவர் இருப்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு 9 கிரெடிட்தான் முழுநேரம். அனுமதி இல்லாமல் 6-க்கு இறங்கியிருந்தால் அவன் விசா நிலையே போயிருக்கும். மறுநாள் டிஎஸ்ஓவைப் பார்த்தான். அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லாதது, தகுதிக்குப் பொருந்தாத பாடத்தில் சேர்ந்துவிட்டது போன்ற காரணங்களுக்குக் குறைந்த பாடச்சுமை அனுமதி உண்டு. இளங்கலை, முதுகலை என ஒவ்வொரு நிலைக்கும் ஒரு முறைதான். மார்க் குறையும் என்ற பயம் மட்டும் காரணமாகாது. அட்வைசரின் கையெழுத்தோடு படிவம் கொடுத்து, அனுமதி வந்த பிறகே டிராப் செய்தான்.

அந்த அட்வைசர் தவறாக எதுவும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னார். "நான் எஃப்-1 மாணவன்" என்று இவன் சொல்லவில்லை. எத்தனையோ மாணவர்களைப் பார்ப்பவர் ஒவ்வொருவரின் விசாவையும் நினைவில் வைத்திருக்க முடியாது. விசா அவருடைய துறையும் இல்லை. அதை முதல் வரியிலேயே சொல்வது நம் கடமை. இளங்கலை என்றால் முழுநேரத்துக்கு 12 கிரெடிட் கணக்கு. அதில் ஆன்லைன் பாடம் ஒரு பருவத்துக்கு ஒன்று, 3 கிரெடிட் வரைதான் சேரும். சிபிடி என்ற, படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சியும் அப்படித்தான்: அட்வைசர் சரி என்றாலும், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 சான்றிதழில் டிஎஸ்ஓ அனுமதி ஏறும் முன் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதீர்கள்.

நம் பிள்ளைகளிடம் நான் பார்க்கும் பெரிய சிக்கல், எதற்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து "ஒண்ணும் புரியலை" என்பது. புரியவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள். இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. போகும்போது இரண்டு செமஸ்டருக்கான திட்டத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் பேசியதை நாலு வரியில் மெயில் போடுங்கள். அட்வைசர் மாறினால் அந்த மெயில்தான் கை கொடுக்கும்.

முதல் அப்பாயின்ட்மென்ட்டை செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். ஸ்பிரிங் பதிவு நெருங்கிவிட்டால் நேரம் கிடைப்பது கஷ்டம்.