நம்பிக்கையைப் பந்தயமாகக் கட்டலாமா?

வெட்டவெளி:
கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிவால் தீர்க்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம்புவதே புத்திசாலித்தனம். இருந்தால் முடிவில்லாத பேறு. இல்லாவிட்டால் போவது கொஞ்ச நேரமும் சில சுகங்களும்தான். பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கலின் கணக்கு இது. அவர் மறைவுக்குப் பின் 1670-இல் வெளிவந்த குறிப்புகளில் இருக்கிறது. எங்கே ஓட்டை, காட்டுங்கள்.

சும்மாஒருவன்:
எந்தக் கடவுள்?

எட்டாம்எண்:
மேலே உள்ள ஒற்றை வரியே போதும். இதே வாதத்தை ஓர் இமாமும் வைக்கலாமே என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ கேட்டுவிட்டார். நேர்மையாகச் சந்தேகப்பட்டவர்களுக்கு மட்டும் சொர்க்கம் தரும் கடவுளாகவும் இருக்கலாம். கடவுள் இருந்தால், இல்லாவிட்டால், நம்பினால், நம்பாவிட்டால் என்று பாஸ்கலின் கணக்கை அட்டவணையாகப் போட்டால், அவருக்குக் கட்டமே இல்லை.

வெட்டவெளி:
அந்தக் கடவுள் வாதத்துக்காக நீங்கள் இப்போது செய்தவர். அவரை யாரும் கும்பிட்டதில்லை. உயிருள்ள வாய்ப்பு, செத்த வாய்ப்பு என்று அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் பிரித்துச் சொன்னது இதற்குத்தான். ஒருவர் மனத்தில் உண்மையிலேயே இழுபறியாக நிற்கும் வழிகளைத்தான் எடைபோட வேண்டும். வழி பல என்பதற்காக எதிலுமே போகாமல் நின்றால் அதில் என்ன லாபம்?

எட்டாம்எண்:
சரி, ஒரே கடவுள் என்றே வைப்போம். அப்போதும் கணக்கு நிற்காது, ஏனென்றால் கோளாறு முடிவிலியில் இருக்கிறது. முடிவிலியில் பாதியும் முடிவிலிதான். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் நம்புவேன், பூ விழுந்தால் மாட்டேன் என்று நான் முடிவு செய்தால், அதன் எதிர்பார்ப்பு மதிப்பும், அதாவது கிடைக்கும் பேற்றை அதற்கான வாய்ப்பால் பெருக்கினால் வருவதும், முடிவிலி. இன்றிரவு சும்மா படுத்துத் தூங்கினாலும் நாளை நம்பிக்கையோடு எழுந்திருக்கத் துளி வாய்ப்பு இருக்கிறதே, அதற்கும் அதே மதிப்பு. ஆலன் ஹாயெக் என்ற மெய்யியலாளர் 2003-இல் இதை விரிவாக எழுதினார். எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு போடும் தேர்வு இது. பேற்றுக்கு ஓர் எல்லை வைத்தால் கணக்கு உயிர்பெறும், ஆனால் கடவுள் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

வெட்டவெளி:
இரண்டு வழியிலும் கிடைப்பது ஒன்றே என்றால், எதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகமோ அதைத்தானே எடுப்போம்? நாணயத்தைவிட நேரடியாக நம்புவது மேல். இதற்கு எண் எதுவும் தேவையில்லை.

எட்டாம்எண்:
நாணயத்துக்கு அது சரியான பதில். ஆனால் இரண்டு மதங்களுக்கு நடுவில் எதில் வாய்ப்பு அதிகம் என்று கேட்டால் எண் வேண்டும். அறிவால் தீர்க்க முடியாது என்று முதல் வரியிலேயே கதவை மூடியவர் நீங்கள்.

ஈரக்காகிதம்:
நடுவில் வருகிறேன். நான் நம்புகிறவள், எனக்கே இந்த வாதம் ஆகாது. நாளைக்குள் நம்பிவிடு என்றால் மனம் நம்பிவிடுமா? போதிய சான்று இல்லாமல் நம்புவதே தவறு, நம்பியது உண்மையாகிவிட்டாலும் தவறுதான் என்று 1877-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் கிளிஃபர்டு எழுதினார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனால் லாபத்துக்காக வந்து நிற்பவனைக் கடவுள் என்னவென்று நினைப்பார்?

வெட்டவெளி:
அந்தச் சிக்கல் பாஸ்கலுக்கும் தெரியும், சகோதரி. நம்ப முடியவில்லையா, நம்புகிறவர்கள் செய்வதைச் செய், புனித நீரைத் தொடு, பூசைக்குப் போ, மனம் பின்னால் வரும் என்கிறார். வந்த காரணம் வேறாக இருந்தாலும், வருடக்கணக்கில் பழகிய பிறகு அதே காரணத்தோடுதான் ஒருவர் இருப்பாரா?

எட்டாம்எண்:
பழகினால் எதையும் நம்பலாம். அதனால்தான் பயமாக இருக்கிறது.